எட்டுத் தாடிகள்

யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில், எங்கள் எல்லோருக்கும் அக்காவான சைதா லாத்தாவின் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோ என்பது பெரிய வார்த்தை. ஒரு முக்காலி, அதன் பின்னால் நீலத் துணி, இரண்டு விளக்குகள், ஒரு பழைய கேமரா. அவ்வளவுதான். கணவர் மவுத்தான பிறகு கடையை விற்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்த மறுநாள் காலை, கதவுப் பலகைகளைத் தானே கழற்றி வைத்துவிட்டுக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: "சிரிக்காதீங்க. பயப்படவும் செய்யாதீங்க. பயந்த முகம் வேற ஆளு முகம்."

1997 ஜூலையில் அவருடைய தம்பி மீரா முகைதீனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மீராவுக்கு அப்போது இருபத்தேழு வயது. சந்தையில் ஒரு குடைக்கடையில் வேலை. பஸ் நிறுத்தத்தில் டோ மியா தின் என்ற பர்மிய அம்மாளின் கழுத்துச் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அந்த அம்மாள் கொடுத்த புகாரில் ஆளைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "தாடி வைத்த கலா. தொப்பி போட்டிருந்தான்." இந்திய முகம் உள்ள எவனும் இங்கே கலாதான். அரை மணி நேரம் கழித்து மீரா மதியத்து ளுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து இறங்கி வந்தான். தாடி இருந்தது, தொப்பி இருந்தது. வேறென்ன வேண்டும்?

ஸ்டேஷனில் அவனைத் தனியாக அந்த அம்மாளின் முன்னால் நிறுத்தி, "இவன்தானே?" என்று கேட்டார்கள்.

"இவனாத்தான் இருக்கணும்" என்றாராம் அவர்.

அடையாள அட்டையில் அவன் பெயர் மியிந்த் ஸோ. வீட்டிலும் பள்ளிவாசலிலும் மீரா முகைதீன். இங்குள்ள தமிழ் முஸ்லிம்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. பர்மியப் பெயர் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதே பாடு. ஆனால் குற்றப் பத்திரத்தில் "மியிந்த் ஸோ என்கிற மீரா முகைதீன்" என்று எழுதியதும், படிக்கிறவர் கண்ணுக்கு அது பெயரை மாற்றிக்கொண்டு திரியும் திருடனாகத் தெரிந்தது. ஜாமீன் கிடைக்கவில்லை. மீராவை இன்சீன் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

சைதா லாத்தா வக்கீல் அய்யாசாமியிடம் போனார். அய்யாசாமியின் பாட்டனார் ரயில்வேயில் வேலைக்கு வந்தவர். பேரன் சட்டம் படித்து, கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் தொழில் நடத்தினார். புகாரின் நகலை லாத்தா இரண்டு முறை படித்தார்.

"ஸயா," என்றார், பர்மிய வழக்கில் மரியாதையாக. "இவங்க ஒத்த ஆளைக் காட்டியில்ல கேட்டிருக்காங்க? பல பேரு நடுவுல நிறுத்தி, இவன்தான்னு எடுக்கச் சொல்ல வேணாமா?"

"அடையாள அணிவகுப்பு. சட்டத்துல இருக்கும்மா. யாரும் கேக்கிறதில்லை. ஆனா இப்பக் கேக்கிறது ஆபத்து. ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டாங்க. மறுபடியும் அந்தம்மா மீராவையே தொட்டாங்கன்னா கேஸ் முடிஞ்சுது."

"தொட மாட்டாங்க."

"எப்படிச் சொல்றே?"

"பதினஞ்சு வருசமா முகம் பாக்கிறதுதான் என் பொழைப்பு. முகத்தைப் பாத்தவங்க மூக்கைப் பத்தியோ பல்லைப் பத்தியோ ஒரு வார்த்தையாவது சொல்லுவாங்க. இதுல ஒண்ணு கூட இல்லை. அந்தம்மா தாடியைத்தான் பாத்திருக்காங்க. ஸ்டேஷன்லயும் தாடியைத்தான் பாத்திருக்காங்க. நீங்க மனுப் போடுங்க, ஸயா."

மனு ஏற்கப்பட்டது. ஆனால் அணிவகுப்பு நாளில் போலீஸ் கொண்டுவந்து நிறுத்திய எட்டுப் பேரைப் பார்த்து அய்யாசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற இருவர், ஒரு சீன நூடுல்ஸ்காரர், மற்றவர்கள் பக்கத்துத் தெருப் பர்மியர்கள். ஒருவருக்கும் தாடி இல்லை. அவர் ஆட்சேபித்தார். நீதிபதி அலுத்துப்போன மனிதர், ஆனால் நேர்மையானவர். வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒத்த சாயல் உள்ளவர்களை நீங்களே கொண்டுவாருங்கள். வரும் வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருபத்தைந்து, முப்பது வயதில், தாடியோடு, தானாக நடந்து ஸ்டேஷனுக்குள் போகச் சம்மதிக்கும் எட்டுப் பேர். அந்தக் காலத்து யாங்கூனில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். எண்பத்தெட்டு எழுச்சியை ராணுவம் நசுக்கிய பிறகு நாங்கள் ஸ்டேஷன் இருக்கும் தெருவிலேயே நடப்பதில்லை.

லாத்தா நெகட்டிவ் பெட்டிகளைத் திறந்து உட்கார்ந்தார். வட்டாரத்து முகமெல்லாம் அதில் இருந்தது. மீராவின் சாயல் உள்ளவர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். என் பெல்ட் கடைக்கு வந்தபோது அவர் கையில் என் படம் இருந்தது.

"ஷம்சுதீன், உங்க மூக்கும் மீரா மூக்கும் ஒரே அச்சு. வியாழக்கிழமை வரணும்."

"லாத்தா, அந்தம்மா என்னைத் தொட்டுட்டா?"

"அன்னைக்கு நீங்க கடையில இருந்ததைச் சொல்ல இந்தக் கடை வரிசையே இருக்கு."

"மீராவுக்கும் ஆளு இருந்தாங்களே. பள்ளிவாசல்ல எத்தனை பேரு பாத்தாங்க!"

"பாத்தாங்க. அவங்களை யாரும் கேக்கலை. வியாழக்கிழமை நீதிபதி பக்கத்துல நிப்பார். கேட்டுத்தான் ஆகணும்."

எனக்குச் சம்மதிக்க ஒரு நாள் ஆயிற்று. அதைச் சொல்ல வெட்கமில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னொருவர் மறுநாள் காலையிலேயே தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றார். லாத்தா அவரைக் கோபிக்கவில்லை. "புள்ளைக்குட்டிக்காரர்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை மதியம்வரை ஏழு பேர்தான். ஸ்டூடியோவுக்கு அடுத்த வீட்டுக் குழந்தைவேலு துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. முருகனுக்கு நேர்ந்துகொண்டு மூன்று மாதமாகத் தாடி வளர்த்திருந்தார். அவராகவே வந்து கேட்டார்.

"ஏன்க்கா, என் தாடி ஆகாதா?"

லாத்தா அவருடைய கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தார். "தாடி ஆகும். தொப்பி போடணுமே, தம்பி?"

"போட்டுக்கிறேன். திருநீறை நாளைக்கு ஒரு நாள் உள்ளுக்குள்ள பூசிக்கிறேன்."

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஸ்டேஷன் முற்றத்தில் மீராவோடு சேர்த்து எங்கள் ஒன்பது பேரையும் தொப்பியோடு நிறுத்தினார்கள். எங்கே நிற்பது என்று மீராவே தேர்ந்துகொள்ளலாம் என்றார் நீதிபதி. அவன் எனக்கு வலப்பக்கம் நின்றான். மெலிந்திருந்தான். சைதா லாத்தாவை உள்ளே விடவில்லை. வாசலுக்கு எதிரே டீக்கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டோ மியா தின் வந்தார். அறுபது வயது இருக்கும். மெதுவாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். என் முன்னால் வந்து நின்றார். பயந்த முகம் காட்டக்கூடாது என்று லாத்தா சொன்னதை நினைத்து, கண்ணை நேராக வைத்துக்கொண்டேன். மீராவைத் தாண்டினார். கடைசிவரை போனார். திரும்பி வந்தார். ஏழாவது ஆளின் தோளைத் தொட்டார்.

ஏழாவது ஆள் குழந்தைவேலு.

"உன் பெயர்?" என்று கேட்டார் நீதிபதி.

"குழந்தைவேலுங்க."

"மதம்?"

"இந்துங்க. அடுத்த மாசம் முருகன் கோயில்ல முடி இறக்கணும். அதுக்குத்தான் இந்தத் தாடி."

ஸ்டேஷன் அதிகாரி வானத்தைப் பார்த்தார். நீதிபதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சங்கிலி போன நாளில் குழந்தைவேலு காலை முதல் மாலை வரை வேலையில் இருந்ததற்குக் கிடங்கின் வருகைப் பதிவேடு சாட்சி சொன்னது.

மீரா அன்றே வெளியே வந்துவிடவில்லை. இன்னும் இரண்டு வாய்தா போயிற்று. இரண்டாவது வாய்தாவில் அய்யாசாமி டோ மியா தின்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அம்மா, அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தீர்களா?"

அந்த அம்மாள் மீராவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தாடியைப் பார்த்தேன். சங்கிலியைப் பிடித்த கையைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் இவன்தான் என்றார்கள், நம்பிவிட்டேன்" என்றார். அந்த வார்த்தைதான் மீராவை விடுவித்தது. நாற்பத்தேழு நாள் உள்ளே இருந்தான்.

கோர்ட்டு வராந்தாவில் டோ மியா தின் சைதா லாத்தாவிடம் வந்தார். "என்மேல் கோபமா?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

"இருந்துச்சு, அன்ட்டி" என்றார் லாத்தா. "இன்னைக்கு நீங்க சொன்னதை வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

அதன்பிறகு ஆட்கள் லாத்தாவைத் தேடி வரத் தொடங்கினார்கள். தாகேதாவிலிருந்து வந்தார்கள், இன்சீனிலிருந்து வட்ட ரயில் ஏறி வந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் பதினேழு அணிவகுப்புக்கு அவர் ஆள் திரட்டிக் கொடுத்தார். நான் ஆறு தடவை நின்றிருக்கிறேன். எல்லாம் ஜெயிக்கவில்லை. ஒரு தடவை, பிடிபட்டிருந்த இன்சீன்காரப் பையனையே சாட்சி தொட்டுவிட்டார். மூன்று வருடம் போட்டார்கள். நீங்கள் கூட்டிவந்த ஆட்களால்தான் என்று அவன் தாயார் அழுதார். லாத்தா அவரோடு மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். "அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது, ஷம்சுதீன். வரிசை ஒழுங்கா இருந்துச்சு. அது எனக்குத் தெரியும்."

2001இல் வேறு ஊர்களில் எங்கள் ஆட்கள்மேல் கலவரம் நடந்தபோது, படம் எடுக்க வந்தவர்களில் பலர் தாடி இல்லாமல் வந்தார்கள். வரிசைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாயிற்று. கிடைக்கும்வரை அவர் தேடினார்.

2006இல் சத்யபாமா என்ற சட்ட மாணவி வந்தாள். இனமும் மதமும் குற்ற வழக்குகளை எப்படித் திருப்புகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். லாத்தா சேர்த்து வைத்திருந்த புகார் நகல்களை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாள். அதுவரை நடந்திருந்த பதினான்கில் ஒன்பது புகார்களில் ஆளைப் பற்றி இனமும் தாடியும் தவிர வேறு எதுவும் இல்லை என்று காட்டினாள்.

"இது முக்கியமான கண்டுபிடிப்பு, அக்கா."

"கண்டுபிடிப்பா? எங்களுக்குத் தெரிஞ்சதுதாம்மா. ஆனா எழுது. எழுதினாத்தான் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. பேரை மட்டும் மாத்திடு."

2009 மழைக்காலத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். நான் அப்போது அங்கே இருந்தேன். எழுந்து ஓடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அம்மா, எங்கள் அதிகாரி அனுப்பினார். வரும் செவ்வாய்க்கிழமை அணிவகுப்பு. எட்டுப் பேர் வேண்டும்."

"பிடிச்சிருக்கிறது யாரை?"

"பர்மியப் பையன். கழுத்தில் பச்சை குத்தியிருக்கிறான்."

லாத்தா முகத்தில் எதையும் காட்டவில்லை. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கக் கழுத்து?" என்று கேட்டார்.