முழு ஞாயிறு

சனிக்கிழமை பிற்பகல் 2.10. ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ராமேஸ்வரம் வண்டியில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவை ஓட்டுநரின் தலைக்கு மேல் இருந்த மூன்று படங்கள். ஒரு கோபுரம், ஒரு பள்ளிவாசல், ஒரு மாதா. மூன்றையும் சேர்த்து ஒரே செவ்வந்திச் சரம் போட்டிருந்தார்கள். சரம் நடுவில் தொய்ந்து பள்ளிவாசலின் பாதியை மறைத்தது.

"ஒண்ண எடுத்தாலும் ஒரு ஸ்டாப்புல ஆள் ஏறாது சார்," என்றார் ஓட்டுநர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு.

தங்கச்சிமடத்துக்கு டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். தூரமும் ஏறத்தாழ அத்தனை கிலோமீட்டர்தான். அங்கே வடகடல் ஓரத்தில் இருக்கும் அருளப்பனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அவரும் அவருடைய தங்கை கணவர் சகாயமும் என்ஜின் நின்றுபோய் ஓர் இரவும் ஒரு பகலும் கடலில் மிதந்து கரை வந்தார்கள். பத்திரிகைக்காக அன்று நான் கரையில் நின்றேன். இந்த வாரம் அருளப்பன் போன் செய்திருந்தார். "நாங்க என்ன நேந்துக்கிட்டோம்னு அன்னைக்கு உங்ககிட்டதான சார் மொதல்ல சொன்னோம்? மாப்ள இப்ப மாத்திப் பேசுறாரு. ஒருக்க வந்துட்டுப் போங்க."

உச்சிப்புளியில் புதுமடம் போகிறவர்கள் இறங்கினார்கள். மண்டபம் தாண்டியதும் காற்று பேருந்தைத் தள்ளத் தொடங்கியது. பாம்பன் பாலத்தில் எல்லோரும் ரயில் பாலத்தைப் பார்க்க எழுந்தார்கள். நான் கடலைப் பார்த்தேன். வலப்பக்கம் தென்கடல் துணி விரித்ததுபோல் கிடந்தது. இடப்பக்கம் வடகடல் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. தை மாத வாடைக்காற்று. பக்கத்து இருக்கைக்காரர், "ஒரு வாரமா இப்படித்தான். ஒரு வள்ளம் எறங்கல," என்றார்.

மாலை 3.40க்கு அருளப்பனின் வீட்டை அடைந்தேன். கரையில் ஏற்றிப்போட்ட வள்ளங்களுக்கு இருபதடி தள்ளி வீடு. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. உட்கார்ந்து பேசவில்லை. டீயைக் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கும் வள்ளத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். தெருவில் மற்ற ஆண்களும் அப்படித்தான் நடந்தார்கள். ஒரு வாரம் கரையில் அடைபட்டவர்கள். ஒவ்வொருவரும் சில நிமிடத்துக்கு ஒருமுறை வடகிழக்கே முகத்தைத் திருப்பிக் காற்று குறைகிறதா என்று பார்த்தார்கள்.

வழக்கு இதுதான். மிதந்துகொண்டிருந்த அந்த இரவில் இருவரும் சேர்ந்து நேர்ந்துகொண்டார்கள்: கரை சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு. முழு நாளா, பூசை முடியும் வரையா என்று அன்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. இந்தக் கரையில் திங்களும் புதனும் சனியும் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள். வள்ளம் போன்ற நாட்டுப்படகுகளுக்கு மிச்சமுள்ள நான்கில் ஞாயிறும் ஒன்று. இதுவரை அதை விட்டுக்கொடுத்துச் சமாளித்தார்கள். இந்த வாரம் காற்று மற்ற மூன்றையும் தின்றுவிட்டது.

சகாயம் வந்தார். அருளப்பனைவிடப் பத்து வயது இளையவர்; சட்டைப் பையில் ஸ்பார்க் பிளக்.

"சார், நீங்களே சொல்லுங்க. அரை நாள் ஆண்டவருக்கு, அரை நாள் வயித்துக்கு. தப்பா?"

"அன்னைக்கு அரைக் கடல்லயா மாப்ள நம்மளக் கரை சேத்தாரு?" என்றார் அருளப்பன்.

"கரை சேத்தது பட்டினி கெடக்கவா மச்சான்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அன்று கரையில் என் காதில் விழுந்தது 'ஞாயிறு' என்ற சொல் மட்டும்தான். அதையும் செய்தியில் இடமில்லை என்று அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள். அப்படியே சொன்னேன்.

"நல்லாச் சொன்னீக," என்று சிரித்தார் சகாயம். பிறகு சிரிக்காமல், "காத்து விழுந்து, நாளைக்குப் பூசை முடிஞ்சு மச்சான் வரலைன்னா, நான் என்ஜினக் கழத்திக்கிட்டு வேற வள்ளத்துக்குப் போறேன். இது சும்மா சொல்றதில்ல," என்றார்.

வள்ளம் அருளப்பனுடையது. பழைய என்ஜின் கடலில் செத்தபிறகு புதிய என்ஜினை வாங்கியவர் சகாயம். இந்தக் கரையில் பலர் இப்படிப் பாதிப் பாதியாகத்தான் தொழில் செய்கிறார்கள். பிரிந்தால் ஒருவரிடம் ஓடாத வள்ளமும் மற்றவரிடம் மிதக்காத என்ஜினும் இருக்கும்.

மாலை ஆறரைக்குச் சகாயத்தின் மனைவி ரீத்தா மீன் குழம்பு கொண்டுவந்தார். அருளப்பனின் தங்கை. மீன் வெளியே வாங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். "பங்குச் சாமியாரே இந்த நேர்ச்சையை மாத்தித் தாரேன்னு சொல்லிட்டாரு சார். பூசைக்குப் பெறகு போனா குத்தமில்லைன்னுட்டாரு. அண்ணன் வேண்டாம்னுருச்சு."

அருளப்பன் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "ஆண்டவரு ஞாயித்துக்கெழமையக் கேக்கல. நானாக் குடுத்தேன். குடுத்ததுல பாதியத் திருப்பி வாங்குனா அது குடுத்ததா?"

"நீ நம்புறது ஆண்டவரையாண்ணே, ஒன் வாக்கையா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். தனக்கே சொல்வதுபோல், "அதத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார். ரீத்தா குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை 4.50. அருளப்பனின் வீட்டில் படுத்திருந்த நான், காற்றில் அடித்துக்கொண்டிருந்த பனையோலைகளின் சத்தம் நின்றுபோனதில் விழித்தேன். வெளியே வந்தபோது தெருவில் முக்கால்வாசிப் பேர் நின்றிருந்தார்கள். கடல் தட்டையாக இருந்தது. பூசைக்குப் போகாதவர்கள் வள்ளங்களைத் தள்ளத் தொடங்கினார்கள்.

ஆறு மணிப் பூசையில் கோவில் நிறைந்திருந்தது. ஆண்கள் பகுதியில் கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையில் அருளப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சகாயம் கதவோரம் நின்றார். பிரசங்கம் சுருக்கமாக இருந்தது. நடுவே கடல் பக்கமிருந்து முதல் என்ஜின் கிளம்பும் சத்தம் வந்தது. வரிசை வரிசையாகத் தலைகள் அரை அங்குலம் திரும்பி மீண்டும் நேராயின. அருளப்பனின் தலை திரும்பவில்லை. ஆனால் வலது கால் பெருவிரல் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த என்ஜின் கிளம்பியபோது குனிந்து அந்தக் காலைக் கையால் பிடித்துக்கொண்டார். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பி வந்து முழந்தாளிட்டவர், கடைசி ஆசீர் முடிந்து பாதிக் கோவில் காலியாகும் வரை எழவில்லை. கோவிலில் அன்று கடலைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. கேட்டுக்கொண்டே முழந்தாளிட்டிருந்தவர் அவர்.

காலை 7.05. வள்ளத்தின் அருகே சகாயம் காத்திருந்தார். ரீத்தா சற்றுத் தள்ளி.

"மச்சான், கடைசியாக் கேக்குறேன். வாரீகளா?"

"வரல மாப்ள. வள்ளமும் வராது."

"செவ்வாக்கெழமையும் காத்தடிச்சா?"

"அடிக்கட்டும்."

சகாயம் ஸ்பேனரை எடுத்தார். அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்பக்கத்தில், என்ஜினைப் பிடித்திருந்த திருகுகள் உப்பேறி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்ற நேரம் பிடித்தது. இடையில் இரண்டு முறை நிறுத்தி அருளப்பனைப் பார்த்தார். நான்கு வள்ளம் தள்ளி ஒருவர் என்ஜின் இல்லாத வள்ளத்தைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, "ஏலே, வாரியா இல்லையா? வெயிலு ஏறுது," என்று கத்தினார். அந்த ஏற்பாடு நேற்றே முடிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அருளப்பனுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

கடைசித் திருகும் கழன்றது. ஓர் ஆள் தூக்கும் எடை இல்லை அது. சகாயம் ஒரு பக்கம் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை. நான் முன்னால் போவதற்குள் அருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கத்தைப் பிடித்துவிட்டார்.

"இது மட்டும் வேலை இல்லையாக்கும் ஞாயித்துக்கெழமைல?" என்றார் சகாயம்.

"பேசாமத் தூக்குலே."

இருவரும் மணலில் கால் புதையப் புதைய அதைச் சுமந்துபோனார்கள். ஒரே அளவு எட்டு வைத்தார்கள்; பல வருடப் பழக்கம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மற்றவரின் வள்ளத்தில் என்ஜினைப் பொருத்திவிட்டு அருளப்பன் கரையேறினார். சகாயம் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் என்ஜின் பிடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரீத்தா, "தண்ணிக் கேனை விட்டுட்டுப் போகுது பாரு," என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அருளப்பன் ஈர வேட்டியோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். வழியெல்லாம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் மடக்கினார், நீட்டினார், பின்னால் கட்டினார். "மனசு நெறைஞ்சிருக்கும்னு நெனச்சேன் சார். அப்படி ஒண்ணும் இல்ல," என்றார். "ஆனா கொறையவும் இல்ல."

காலை 8.30 வண்டியில் ஏறினேன். அன்று பாம்பன் பாலத்தில் இரண்டு கடலும் ஒன்றுபோல் இருந்தன. மதுரையில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்பது கறிக்கடையில் வரிசை, மதியத் தூக்கம், மாலையில் துணி தேய்ப்பது. அந்த நாளை யாருக்காவது கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. வீடு சேர்ந்தபிறகும் உட்கார முடியவில்லை.

மாலை ஐந்தரைக்கு ரீத்தாவுக்குப் போன் செய்தேன். கணவர் கரை வந்துவிட்டார் என்றார். கூடை கூடையாகச் சூடை மீன். அண்ணன் செபமாலைக்குக் கோவிலுக்குப் போயிருக்கிறது. காற்று இன்னும் எழவில்லை.