சாவிக்காரரும் கால்மணி நேரப் பாட்டும்

எங்கள் வீட்டுச் சுவரில் கேபிள்காரர்கள் ஒரு தகரப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். எங்கள் வீதி முழுக்க டிவி படம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். பெட்டிக்குக் கரண்டு எங்கள் வீட்டிலிருந்து. அதை மாட்டிய அன்றே நான் அம்மனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். காரணத்தைச் சொன்னால் என் மனசு எவ்வளவு பொல்லாதது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும்.

எழுபதுகளில் கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தமிழ் ஊருக்கு டிவி ஏது? பஞ்சாயத்து அறையில் ஒரு ரேடியோ, நால்ரோட்டுக் கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் இரண்டு மணி நேரம். கோயமுத்தூர் நிலையம் வைப்பதா, திருச்சூர் வைப்பதா என்பதெல்லாம் அறைச் சாவியை வைத்திருந்தவரின் இஷ்டம். அவரை நாங்கள் சாவிக்காரர் என்போம்.

என் வீட்டுக்காரி கோயில் பஜனைக் குழுவில் பாடுவாள். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பாட்டு டீச்சர் வந்து பழக்கினார். சாவிக்காரரின் தங்கையும் குழுவில் சேர வந்து பாடிப் பார்த்தாள். சுருதி சேரவில்லை என்று டீச்சர் அனுப்பிவிட்டார். பிறகு அந்தக் குழுவைக் கோயமுத்தூர் ரேடியோவில் பாடக் கூப்பிட்டார்கள். போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறே முக்காலுக்குக் கால்மணி நேரம் ஒலிபரப்பு என்று கடிதம் வந்தது. முதல் இரண்டு அடி என் வீட்டுக்காரி மட்டும் தனியாகப் பாடியது.

சந்தையில் பார்த்தபோது சாவிக்காரர் சிரித்தார். "கோயமுத்தூர்ல பாடுனாப் போதுமா? நம்மூர்ல கேக்கோணும்னா எம்பட கைக்குத்தான் வரோணும்." நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவள் தலைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் வந்து நின்றாள். இருபது பேர் கூடிவிட்டார்கள். அதுவரைக்கும் கோயமுத்தூர் நிலையம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது. ஆறே முக்கால் ஆனதும் ஒரு கரகரப்பு. அப்புறம் தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றி ஒருவர் மலையாளத்தில் பேச ஆரம்பித்தார்.

ஓடிப்போய்ப் பஞ்சாயத்து அறை ஜன்னலைத் தட்டினேன். சாவிக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஸ்டேசன் புடிக்கல. கரகரங்குது."

"இப்பத்தானுங்ணா நல்லாக் கேட்டுச்சு!"

"ரேடியோ உம்படதா?"

"பஞ்சாயத்தோடதுங்க!"

"அப்பப் பஞ்சாயத்துல போயி எழுதிக் குடு."

ஊரில் இன்னொரு ரேடியோ அரிசி மில்லில்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது "இதுவரை பாடியவர்கள்" என்று சொல்லி எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார்கள். என் காதுக்குக் கிடைத்தது அது மட்டும்தான். அவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது கம்பத்தடியில் ஒருவன், "ஏம்புள்ள, உன்ற கொரலு ஆம்பளையாட்டமல்ல இருக்குது! மலையாளம் எப்பப் படிச்ச?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். அந்தக் காலத்தில் ஒருமுறை போன பாட்டு போனதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து ஆனைமலை அம்மன் கோயிலுக்குப் போனோம். அநியாயம் செய்தவனைத் தண்டிக்கச் சொல்லி அங்கே வரமிளகாயை அரைத்துச் சாமி கல்லில் பூசுவார்கள். காரியம் பலித்தால் எண்ணெய் கொண்டுபோய் அம்மனைக் குளிர்விக்க வேண்டும். அவள் அம்மிக் குழவியைத் தொடவே இல்லை.

"சாமி பாட்டுப் பாடுன வாயிங்க. அதுல சாபம் வராது. நீங்களும் உட்டுருங்க."

நான் விடவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக அரைத்தேன். "தாயே, அவன் பேச்சை ஊர் கேக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன்.

அம்மன் அவசரப்படவில்லை. சாவிக்காரரின் கிணறு வற்றவில்லை. பெண்களை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். நானோ ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் அம்மனுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே கிழவனானேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கத்துக்கென்றே ஒரு கேபிள் சானல் இருக்கிறது. காலையில் சாமி பாட்டு, அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவிப்பு, மத்தியானம் சினிமா, சாயந்திரம் ஊர்ப் பெரியவர்களோடு பேட்டி. ஒருநாள் விளம்பரம் ஓடியது. ஊருக்கே ரேடியோ கேட்க வைத்தவர், இன்று ஏழு மணிக்கு. சாவிக்காரரின் முகம்!

ஏழு அடித்ததும் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். ஐந்து நிமிஷத்தில் வீதியே வாசலுக்கு வந்துவிட்டது. அவரும் தடியூன்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு.

"ஏப்பா, உம்பட ஊட்டுல கரண்டு இல்லியா?"

"ஸ்டேசன் புடிக்கலீங்ணா. கரகரங்குது."

அவர் கண்ணையே பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். எனக்கு அது போதும். பேட்டி முடிகிற நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போய் அம்மனுக்கு நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீதிக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு அவர் குரல்! மறுஒளிபரப்பாம். இந்தச் சானலில் எதையும் மூன்று தடவை போடுவார்களாம். எனக்கு அது தெரியாமல் போயிற்று. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கால்மணி நேரம், அதுவும் கிடைக்காமல் போயிற்று. அவருக்கு மூன்று தடவை!

ஓடிப்போய்ச் சுவிட்சில் கை வைத்தேன்.

"உடுங்க. அன்னைக்குப் பண்ணுனதச் சொல்றாரான்னு பாக்கோணும்" என்றாள் வீட்டுக்காரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல சாமி பாட்டு வந்தா ஊரே கேக்கோணும்னு சத்தமா வெப்பனுங்க. ஒருத்தரையும் ஏங்க உட்டதில்லீங்க."

அவள் பேட்டி முடிகிற வரைக்கும் அசையவில்லை. முடிந்ததும் எழுந்து டிவியை அணைத்தாள்.

"வெள்ளிக்கெழம ஆனைமலைக்குப் போலாமுங்க."

"எண்ணெய் வாங்கியாந்துட்டனே புள்ள."

"அது கெடக்கட்டும். கால் கிலோ வரமொளகா வாங்கியாங்க. இந்த வாட்டி நாந்தான் அரைப்பேன்."