வேர்ப்பொடி போட்ட மாதுளங்கொப்பு

கிண்ணியாவில் எங்கள் பக்கத்து வளவில் இருந்தவர் ஸெய்னுதீன் நானா. தினமும் பாதைப் படகேறி அக்கரைக்குப் போய், திருகோணமலைப் பக்கம் ஒரு நாற்றுத் தோட்டத்தில் கொப்பு வெட்டி நடுவார். எலுமிச்சை, மாதுளை, ரோசா எல்லாம் அவர் கைக்கு வேர் விடும். அங்கே டின்னில் ஒரு வெள்ளைப் பொடி இருந்தது. ஹோர்மோன் என்பார்கள். கொப்பின் அடியை நனைத்து அதில் தொட்டு நட்டால் வேர் கெதியாய் இறங்கும்.

கூட வேலை செய்த கதிரவேல் அதை அள்ளிப் பூசினால் நானா சும்மா விடமாட்டார்.

"இதென்ன புட்டுக்கு மாவு குழைக்கிறியா? மிச்சத்தத் தட்டிப் போடுடா. கூடினா அடி கருகிப்போகும்."

"உங்கட மனிசியும் உங்களுக்கு இப்பிடித் தட்டித் தட்டித்தான் கறி போடுறவவோ, நானா?"

அந்த மனிசி நஜ்முன் நிஸா, எழுபத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில் காய்ச்சலில் மவுத்தானார். பிள்ளைகள் இல்லை. அடக்கியதும் கபுறின் தலைமாட்டில் பச்சைக் கொப்பு ஊன்றுவது எங்கள் வழக்கம். அது காயும்வரை அல்லாஹ்வைத் துதிக்கும், உள்ளே இருப்பவருக்கு வேதனை இலேசாகும் என்று நம்புகிறோம். ஊன்றிய கொப்பு அந்த மணலில் சில நாளிலேயே வாடிவிட்டது. நானாவுக்கு அது பொறுக்கவில்லை.

கேட்டு வாங்கிய பொடியைக் கடதாசியில் மடித்துக்கொண்டு, ஒரு மாதுளங்கொப்போடு கபுறிருந்த மையவாடிக்கு வந்தார். நானும் போனேன். அடியைப் பொடியில் புரட்டினார். தட்டவில்லை. மிச்சத்தையும் குழிக்குள் கொட்டினார்.

"கூடிப்போச்சே, நானா?"

"அவவுக்குத்தானே, தம்பி. இருக்கக்குள்ள எல்லாத்தையும் குறைச்சித்தான் குடுத்தனான்."

நாளும் தண்ணீர் ஊற்றினார். துளிர் வரவேயில்லை. இலைகள் உதிர்ந்தபின் மெல்லப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு வேர்கூட இல்லை. அடி கருகி, தோல் அவர் விரலோடு கழன்று வந்தது.

"ஊருக்கெல்லாம் சொன்னவன், என்ட கையாலேயே கருக்கிப் போட்டன்," என்றார். அழவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அப்படியே குந்தியிருந்தார்.

திரும்ப ஒன்று நடச் சொன்னேன்.

"ஏலாது, தம்பி. இன்னொருக்கா அது சாகிறதப் பார்க்க ஏலாது."

அதன்பிறகு வெள்ளிக்கு வெள்ளி புதுக்கொப்பு வெட்டிக் கபுறின்மேல் வைத்தார். பழையது முழுக்கக் காயுமுன் அடுத்தது வந்துவிடும். மழைக்கும் விடவில்லை, நோன்புக்கும் விடவில்லை. வேறு கலியாணமும் முடிக்கவில்லை.

எண்பத்தொன்றில் பாயோடு படுத்துவிட்டார். படுத்த கிழமையே ஜும்ஆ முடிந்து பார்க்கப் போனேன்.

"இண்டைக்கு வெள்ளியா, தம்பி?"

"ஓம், நானா."

"போன கிழமைக் கொப்பு காஞ்சிருக்குமே."

வளவிலிருந்து மாதுளையில் ஒன்று வெட்டி வந்து காட்டினேன். இலைகளைத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு காணாது," என்றார். "கொஞ்சம் பெரிசா வெட்டுங்க."