அஞ்செட்டி இறக்கத்தில் ஒரு கன்னடச் சொல்

அஞ்செட்டி மலைப்பாதையில் இறங்குகிறேன். ஓசூர் வாடகை அறையில் மூன்று மாதமாக ஞாயிறுதோறும் உட்கார்ந்து நானே பூட்டிய சைக்கிள். பழைய ஃபிரேம், பெங்களூரில் தேடிப்பிடித்த கியர், ஒவ்வொரு கம்பியாகக் கோத்த சக்கரம்.

வளைவில் ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் கையைத் தூக்கிக் கத்துகிறார். "மெல்லப் போப்பா! முன்னால குண்டி இருக்குது!"

நான் திருநெல்வேலிக்காரன். ஃபேக்டரி வேலைக்கு வந்து வருஷம் ஒன்றாகியும் கன்னடம் ஏறவில்லை. அது எப்படி முன்னால் இருக்கும் என்று சிரித்தபடி அவரைத் திரும்பிப் பார்க்கிறேன். அதற்குள் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, நான் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா ஓடிவந்து என் முழங்கையை முந்தானையால் துடைக்கிறார். "குண்டி இருக்குதுன்னு சொன்னேனே அப்பா!" என்று பள்ளத்தைக் காட்டுகிறார். கன்னடத்தில் பள்ளத்துக்கு அதுதான் பெயராம்.

சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறேன். கோட்டம் கொஞ்சம்தான், அறைக்குப் போய் எடுத்துவிடலாம்.

"வேற எங்கப்பா அடி?" என்கிறார் பரிவோடு.

தமிழில் சொன்னாலும் அதே சொல்தான். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, துடைத்த முழங்கையையே மறுபடி நீட்டுகிறேன்.