என் தங்கை முகத்து நூர்

மார்கழி விடியலில் சிமெண்ட் தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தால் முதலில் நெற்றி வலிக்கும், பிறகு மூக்கு நுனி. கன்னம் அதற்குள் மரத்துப் போயிருக்கும், அங்கே ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வயதில் இந்த வரிசை எனக்கு மனப்பாடம். தொழுகைக்கு முன்னால் முகம் கைகால் கழுவிச் சுத்தம் செய்துகொள்வதை எங்கள் வீடுகளில் "ஒளு" என்போம். அதில் முகத்தை மூன்று தடவை கழுவினால் போதும். நான் கை சலிக்கும் வரை கழுவுவேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். என் தங்கை ஷமீம்தான் காரணம்.

ஷமீம் என்னைவிட மூன்று வயது சின்னவள். அவள் முகத்தில் "நூர்" இருந்தது. இதை நான் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள். நூர் என்றால் ஒளி. ஆனால் விளக்கு வெளிச்சத்துக்கோ வெயிலுக்கோ அந்தச் சொல்லை யாரும் செலவழிக்கமாட்டார்கள். அது மனிதர் முகத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சொல். அழகு வேறு, நூர் வேறு. அழகைப் பவுடர் பூசியும் கொண்டுவந்துவிடலாம்; நூர் அல்லாஹ்வாகப் பார்த்து இறக்கி வைப்பது. எங்கள் இருவருக்கும் ஒரே நிறம், அம்மாவின் மாநிறம். மூக்கும் ஒரே மூக்கு. அவள் சிவப்பாக இருந்திருந்தால், கலரைப் பார்த்து மயங்குகிறார்கள் என்றாவது மனதைத் தேற்றியிருப்பேன். அந்த வசதியும் எனக்கு இல்லை.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் தாராளமாகப் புழங்கவிட்டவர் முசிறி மாமி, எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அக்கா. நோன்பு மாதம் தொடங்கினால் ஒரு கட்டைப்பையும் வாழைப்பழச் சீப்புமாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிடுவார். பெருநாள் முடிந்துதான் ஊருக்குக் கிளம்புவார். செருப்பைக் கழற்றுவதற்குள் ஷமீமின் தாடையைப் பிடித்துத் தூக்கி, "மாஷா அல்லாஹ்! இந்தப் புள்ள முகத்துல நூரப் பாருங்களேன், கரண்டு போனாலும் இவள நடுவுல உக்கார வெச்சாப் போதும் போலிருக்கே!" என்பார். அப்புறம் என் பக்கம் திரும்புவார். "என்ன பல்கீஸு, நல்லாப் படிக்கிறியா?"

அவ்வளவுதான் என் பங்கு. அவளுக்கு ஒளி, எனக்குப் படிப்பு. அம்மா சிரித்துக்கொண்டு நிற்பாளே தவிர, பெரியவளுக்கும் இருக்கிறதே என்று ஒரு வார்த்தை போட்டு வைக்கமாட்டாள். அம்மா பெற்ற பிள்ளைகளைப் புகழ்வதில்லை, அது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் எனக்கு மாமியின் வாயிலிருந்து அது வேண்டியிருக்கவில்லை. அம்மா வாயிலிருந்துதான் வேண்டும். ஒரே ஒரு தடவை அம்மா என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டால், ஷமீமை மலைக்கோட்டை உச்சியிலேயே உட்கார வைத்து ஊர் முழுக்க வெளிச்சம் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்லும் அந்த வருடம் நோன்பும் மார்கழியும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்தன. மூன்று பக்கத்து வெளிச்சமும் ஒரே மாதத்தில் என் கண்ணைக் குத்தியது என்றுதான் சொல்லவேண்டும். கன்னியர் நடத்திய எங்கள் பள்ளியில் சுவரெல்லாம் புனிதர்களின் படம்; ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் ஒரு தங்கத் தட்டு. அது தட்டல்ல, ஒளிவட்டம், உள்ளே இருக்கும் தூய்மையைக் கண்ணுக்குக் காட்ட ஓவியர்கள் அப்படி வரைவார்கள் என்று டிராயிங் மிஸ் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு அந்த வட்டத்தைச் செய்யும் வேலை, கைவேலை நன்றாக வரும் என்பதால், எனக்கு வந்தது. அத்தாவின் எலக்ட்ரிக் கடையிலிருந்து கம்பி வாங்கி வந்து வளைத்து, தங்கத்தாள் சுற்றி, கசங்காமல் துணியில் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை யார் தலையில் மாட்டினார்கள் என்று கேட்கவேண்டாம். தேவதூதர் வேஷத்துக்கு எந்தப் பிள்ளை சரியாக இருக்கும் என்று சிஸ்டர் பார்வையைச் சுழலவிட்டபோது, அது நேராக நாலாம் வகுப்பு வரிசையில் போய் நின்றுவிட்டது.

சரி, பள்ளிதான் போயிற்று, ஸ்ரீரங்கமாவது எனக்கு மிஞ்சும் என்று பார்த்தேன். என் வகுப்புத் தோழி ரங்கநாயகியின் வீடு அங்கே. அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் அவளிடம் கணக்கு நோட்டு வாங்கப் போனபோது ஷமீமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம். ரங்கநாயகியின் அம்மா திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தவர், வாசல்படியில் நின்ற ஷமீமைப் பார்த்து, "யாருடி இந்தக் குழந்தை? குத்துவிளக்காட்டமா இருக்காளே, க்ஷேமமா இருக்கணும்!" என்றார். வாசலில் நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், அவள் எனக்குப் பின்னால் நின்றாள். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துத்தான் அவர் அதைச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவளுக்குக் கொடுக்கவில்லை. வயிறு எரிந்தது, நோன்பு இன்னும் திறக்கவில்லை என்பதால் வயிறு காலியாக வேறு இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்த உஸ்தாபி ஒரு வழியைக் காட்டிக் கொடுத்தார். மறுமை நாளில் கூட்டத்தோடு கூட்டமாக எல்லோரும் நிற்கும்போது, ஒளுவின் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெளிச்சமாகத் தெரியும், அதை வைத்தே நம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்றார். மற்றப் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். மறுமையில் வெளிச்சமாகத் தெரிவது இங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதானே ஆகவேண்டும்? அப்படியென்றால் நூர் என்பது பிறக்கும்போதே வாங்கி வருவதல்ல, தண்ணீரால் ஏற்றிக்கொள்வது. ஷமீம் சோம்பேறி, முகத்தை நனைத்தும் நனைக்காமலும் ஓடிவிடுபவள். அவளைத் தாண்டிவிடலாம்.

தொழுகை நேரத்துக்கு மட்டும் என்று இருந்த ஒளு, எழுந்தால் ஒளு, உட்கார்ந்தால் ஒளு என்று ஆயிற்று. பத்தே நாளில் வாயோரமும் கன்னமும் வெடித்து, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, பார்க்கச் சகிக்காத முகமாகிவிட்டது. அத்தா ஒருநாள், "வெளிச்சம் வேணும்னா நம்ம கடைக்கு வாம்மா, முகத்த ஏன் இந்தப் பாடு படுத்துறே?" என்று சிரித்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் மாமிக்குப் புரிந்தது வேறு. நோன்பு வைத்த பெண் மத்தியானம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியையே சுற்றிக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்? நான் வாய் கொப்பளிக்கக் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து கையைப் பிடித்துவிட்டார். "ஒளு செய்ற சாக்குல தண்ணி குடிக்கிறா உங்க மக! எங்க, நாக்க நீட்டு பாப்போம்." நோன்பாளியின் நாக்கு வறண்டு வெளுத்திருக்கும், எங்கள் பிள்ளைகளிடையே அதுதான் பரீட்சை. அப்போதுதான் கொப்பளித்த நாக்கு ஈரமாக, சிவப்பாக இருந்தது. மாமி என் நாக்கை அம்மாவிடம் காட்டினார். அரை நாள் நோன்பை முடித்துக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஷமீமும் வந்து எட்டிப் பார்த்தாள். "சின்னவ அரை நோன்பு வெச்சாலும் முகத்துல நூரு எறங்குது. இவ மூஞ்சியப் பாருங்க, கருவாடாட்டம்," என்றார் மாமி. நான் குடிக்கவில்லை என்று சொல்லலாம். பிறகு எதற்கு இத்தனை தடவை கழுவினாய் என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? ஷமீமின் முன்னால் அதைச் சொல்வதைவிடத் திருட்டு நோன்புக்காரியாக இருப்பது மேல் என்று வாயை மூடிக்கொண்டேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "விடுங்கக்கா, அவ குடிச்சிருக்க மாட்டா," என்றாள். தேங்காயெண்ணெய் கொண்டுவந்து என் கன்னத்தில் தடவினாள். நான் எதிர்பார்த்து நின்ற சொல் மட்டும் வரவில்லை.

பிறகு நான் இயற்பியல் படித்து, ஒரு பள்ளியில் பாடம் நடத்துபவள் ஆனேன். எந்தப் பொருளும் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது, மனித முகமும் அப்படித்தான் என்று வருடா வருடம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறேன். அது உண்மைதான். ஆனால் உலகத்தில் கவிதை எழுதியவர்களும் படம் வரைந்தவர்களும் ஞானம் பேசியவர்களும், தாங்கள் மிகவும் நேசித்தவர்களைச் சொல்ல வந்தபோதெல்லாம் வேறு எதையும் தேடாமல் ஒளியைத்தானே எடுத்தார்கள் என்பதும் உண்மை. இருட்டைக் காட்டி எந்தக் குழந்தையையாவது யாராவது கொஞ்சியிருக்கிறார்களா? நல்ல வார்த்தைகள் எத்தனையோ எனக்குக் கிடைத்தன: பொறுப்பானவள், கெட்டிக்காரி, குடும்பத்தைத் தாங்குபவள். ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. பொறாமை வயதோடு போய்விடும் என்கிறார்களே, எனக்கு அது கண்ணாடி போட்டுக்கொண்டு கூடவே நடந்து வந்தது.

ஷமீம் கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போனாள். அத்தா மறைந்தபின் அம்மா என்னோடு இருந்தாள். சர்க்கரை நோயில் அம்மாவின் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க் கடைசி சில வருடங்கள் ஜன்னல் எது கதவு எது என்று மட்டும் தெரிந்தது. சோறு பிசைந்து கொடுத்தது, ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றியது, மருந்து போட்டது எல்லாம் நான். சாயங்காலமானால் ஷமீம் போன் செய்வாள். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ரகசியம் போலப் பேசுவாள், சிரிப்பாள். நான் சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பேன்.

சென்ற வருடம் அம்மா மவுத்தானாள். குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்திய பிறகு பெண்கள் சுற்றி நின்று, முகத்தில் நூர் இறங்கியிருக்கிறது பாருங்கள் என்றார்கள். விமானம் பிடித்து ஓடி வந்த ஷமீமும் அதைப் பார்த்தேன் என்றாள். எனக்கு அது தெரியவில்லை. அம்மாவின் முகம் அம்மாவின் முகமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் எல்லோரும் போனபின் நாங்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். ஷமீமுக்கு இப்போது கண்ணுக்குக் கீழே கருவளையம், முன்நெற்றியில் நரை. அவள் டீயை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதே. அம்மா போன்ல ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கும். 'பல்கீஸு முகத்துல என்னா நூருடி, கண்ணு போயும் எனக்கு அது தெரியுதுடி'ன்னு. தெனம் சொல்லும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதான் உன்கிட்ட சொல்லல."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்க ஒன்றுமில்லை. நூருக்காக அல்ல, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்ததே, அதற்காக. அது அடங்கியதும், "எப்படிச் சொல்லும்? அம்மா சொல்ற மாதிரியே சொல்லு," என்றேன். ஷமீம் சொல்லிப் பார்த்தாள். "பல்கீஸு முகத்துல என்னா நூருடி." அது ஷமீமின் குரலாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அப்போதும் அப்படித்தான்.

இப்போது முசிறி மாமியும் இல்லை, எங்கள் பழைய வீடு இடிந்து அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நூர் என்று யாரும் சொல்வதாகவும் தெரியவில்லை. என்ன கிரீம் போடுகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். அம்மா உட்கார்ந்து பேசிய நாற்காலி என் வீட்டுச் சமையலறை வாசலை ஒட்டித்தான் கிடக்கிறது. அங்கிருந்து அடுப்புக்கு நாலடி தூரம். அந்த நாலடியைத் தாண்டி எனக்கு எட்டாதது, கடல் கடந்து ஷார்ஜாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் ஆயுசெல்லாம் காத்திருந்த சொல்லை அம்மா எனக்காகத்தான் சொல்லியிருக்கிறாள், அதையும் ஷமீம்தான் கேட்டிருக்கிறாள்.