கும்மட்டத்துக்கு மாமா சொன்ன அர்த்தம்

ஐம்பது வயதை நெருங்கும்வரை ஒரு சொல்லுக்குத் தப்பான அர்த்தத்தை ஊரெல்லாம் பரப்பிக்கொண்டு திரிந்தவன் நான். போன மாதம் அதை, அரண்மனை பார்க்கப் போன இடத்தில், மகாலில் வைத்து, வரப்போகும் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே செய்தேன். அண்ணாந்து தலைக்கு மேலிருந்த கூரையை நோக்கிக் கையை நீட்டி, "கும்மட்டம்ங்கிறது கும்மட்டிக்காயிலருந்து வந்த பேரு. காயைப் பாதியா வெட்டிக் கவுத்துனா இதே மாதிரிதான் இருக்கும்" என்றேன். மாப்பிள்ளையின் தங்கை செல்போனைத் தடவிவிட்டு, "இல்ல அங்கிள், அது பார்சிச் சொல்லு. கும்பத். குவிஞ்ச கூரைன்னு அர்த்தமாம்" என்றது. சம்பந்தி இருமினார். என் மனைவி தூண்களைப் பார்க்கத் தொடங்கினாள். பார்க்க அங்கே தூண்களுக்குக் குறைவில்லை.

அந்த அர்த்தத்தை எனக்குச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பா கொத்தனார். மாமா அவருக்குக் கையாள். அப்பாவோடு சேர்ந்து வேலை பார்த்த இன்னொரு கொத்தனாரை நாங்கள் பாய் என்போம். செல்லூரில் தறி முதலாளி ஒருவர், தன் புது வீட்டு மொட்டைமாடியில் ஒரு சின்ன அறையும் அதன் தலையில் கும்மட்டமும் கேட்டிருந்தார். அறைக்குள் ஈரமண்ணை நிரப்பிக் குவித்து, குவியலின் மேல் செங்கல் கட்டுவார்கள். கட்டு நன்றாக இறுகிய பிறகுதான் வாசல் வழியாக மண்ணை அள்ளி வெளியேற்ற வேண்டும். உச்சியில் கடைசிக் கல்லை வைத்தவர் யாரோ, அவர்தான் முதலில் உள்ளே போய் அள்ள வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம். முதலாளிக்கோ புதுமனை புகுவிழா நெருங்கிவிட்டது. கட்டு இறுகுமுன்பே மண்ணை எடுக்கச் சொன்னார். கடைசிக் கல்லை வைத்தவர் அப்பா.

நான் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனபோது மாடியிலிருந்து புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. கும்மட்டம் உள்ளே விழுந்து, அப்பா மண்ணுக்கும் செங்கலுக்கும் அடியில் கிடந்தார். எனக்கு அது தெரியாது. தெருவில் நின்று, "அப்பா, சோறு கொண்டாந்திருக்கேன்" என்று கத்தினேன்.

சற்று நேரத்தில் மாமா இறங்கி வந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் மண். திருவிழாவில் வேஷம் கட்டியவர்போல இருந்தார். நான் சிரித்தேன்.

"அப்பா எங்க மாமா?"

"மேல வேலையா இருக்காரு. நீ வா மாப்ள."

வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குக் கூட்டிப்போய், வீட்டுக்கு முதுகு காட்டி என்னை உட்காரவைத்தார். தரையில் படர்ந்திருந்த கொடியில் ஒரு கும்மட்டிக்காயைப் பறித்து, கல்லால் இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கவிழ்த்தார்.

"இதப் பாரு. இதுலருந்துதான் கும்மட்டம்னு பேரு வந்துச்சு."

"யாரு மாமா வச்சா?"

"ஒரு ராசா."

"எந்த ராசா?"

"கசப்புக் காயைத் தின்னு செத்துப்போன ராசா. நக்கிப் பாரு."

நக்கினேன். நாக்கு சுருண்டது. நான் முகத்தைச் சுளித்ததும் மாமா சத்தமாகச் சிரித்தார். கண்ணில் நீர் வழியுமளவுக்குச் சிரித்தார். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டுத் திரும்பப்போனேன். என் பிடரியில் கைவைத்து, தலையைக் காய்ப்பக்கமே பிடித்துக்கொண்டார். பிறகு தூக்குவாளியைத் திறந்து, "நீயே சாப்பிடு" என்றார்.

"அப்பாவுக்கு?"

"அவருக்கு வேற வரும்."

அவித்த முட்டை இருந்தது. வீட்டில் முட்டை அப்பாவுக்கு மட்டும்தான். வாய் கசந்தாலும் முழுதாகத் தின்று முடித்தேன். அன்று எனக்கு நல்ல நாள் என்றே நினைத்தேன். அப்பாவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை என்பதைச் சாயங்காலம் அம்மாவின் அழுகையிலிருந்து தெரிந்துகொண்டேன்.

மாமா இப்போது இல்லை. மகாலில் அசிங்கப்பட்ட மறுநாள் பாயைப் பார்க்கப் போனேன். படுக்கையில் இருக்கிறார். சம்பந்தி இருமியது உட்பட எல்லாவற்றையும் நடித்துக் காட்டி, "எங்க மாமா எம்புட்டுப் பெரிய புளுகு விட்டிருக்காரு பாருங்க பாய்" என்றேன்.

பாய் சிரிக்கவில்லை.

"அவனுக்கு வாயில வந்ததச் சொன்னான். பிள்ளைய அந்தாண்ட கூட்டிட்டுப் போயி ஏதாவது பேசிக்கிட்டு இருங்கன்னு உங்க அப்பாதான்டா சொன்னாரு, மண்ணுக்குள்ள இருந்து. நீ கத்துனது அவருக்குக் கேட்டுருச்சு."