ரொட்டி மூடிய கோப்பை

உக்ரைனின் இசியூம் நகரில், கண்ணாடி ஆலையில் லென்ஸ் வில்லை தேய்த்தே வயதைக் கழித்தவள் மோத்ரியா. அந்தக் காலத்தில் கோட்டை கட்ட வந்த கோசாக் குதிரைவீரர்களின் வம்சம். அவள் வீட்டைத் தாத்தா காலத்தில் ஜெர்மானியர்கள் ஒருமுறை எரித்தார்கள், அவள் காலத்தில் ருஷ்யர்கள் ஒருமுறை. வீட்டை எரித்ததை அவள் மன்னித்துவிட்டாள். மகனைக் கொன்றதை மன்னிக்கவில்லை. ருஷ்யர்கள் ஊரைப் பிடித்திருந்தபோது மகன் ஒஸ்தாப்பை அவர்களிடம் காட்டிக்கொடுத்தவன் பக்கத்து வீட்டுப் பனாஸ். ஊர் மீண்டபின் மகன் பைன் காட்டுக் குழியில் பிணமாகக் கிடைத்தான். பனாஸோ சாட்சியில்லை என்று வழக்கிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

மகனின் ஓராண்டு நினைவுச் சாப்பாடு. அன்று வாசலுக்கு வந்த யாரையும் விரட்டக் கூடாது என்பது வழக்கம். அந்தத் தைரியத்தில் அந்த நெஞ்சழுத்தக்காரனும் வந்து உட்கார்ந்தான்.

மோத்ரியா இரண்டு கோப்பைகளில் வோட்கா ஊற்றி, கறுப்பு ரொட்டித் துண்டால் மூடினாள். செத்தவர்களுக்கு வைக்கும் பங்கு அது. ஒன்றை மகன் படத்தின் முன் வைத்தாள். மற்றதைப் பனாஸின் முன் வைத்தாள்.

"என்னக்கா இது, நான் உசிரோடதானே இருக்கேன்?"

"இருக்கேடா. அதான்டா என் வயித்தெரிச்சல்."

சாப்பிட வந்திருந்த தெருவே எழுந்து நின்றது. செத்தவர்களுக்காகக் குடிக்கும்போது கோப்பைகளை மோதுவதில்லை. பனாஸின் முகத்தைப் பார்த்தபடியே, ஒரு கோப்பையும் இன்னொன்றில் படாமல் எல்லாரும் குடித்தார்கள்.